சிரித்த நேரம் கணக்கில் சேராது

நேற்று மழையில் நனைந்த என் சாம்பல் நிறக் கோட்டைக் கணப்புக்குப் பக்கத்தில் நாற்காலியில் போட்டிருக்கிறேன். அது காயக் காய உங்கள் கடை வாசம் எழும்புகிறது. நீலகிரித் தைலமும் அடுப்புக்கரிப் புகையும் கலந்த வாசம். ஆனி மாதம் இந்தக் கோட்டைக் கடைசியாக உங்களிடம் சலவைக்குப் போட்டு வாங்கினேன். அதற்குப் பிறகு நீங்கள் கடை திறந்த நாட்கள் அதிகமில்லை.

கழுத்துப் பட்டியை மடக்கிப் பார்த்தேன். நீங்கள் மையால் போட்ட சலவைக் குறி மங்காமல் இருக்கிறது. மற்றவர்கள் துணியில் பெயரின் முதல் எழுத்தை எழுதுவீர்கள். என் துணியில் மட்டும் ‘செவுரு’ என்று எழுதுவீர்கள். வீட்டுச் சுவர்களில் ஏறும் ஈரத்தைச் சரிசெய்வது என் தொழில். அதற்காக நீங்கள் வைத்த பெயர் அது. முதலில் பார்த்தபோது கோபம் வந்தது. சிவில் இன்ஜினியரிங்கில் தங்கப் பதக்கம் வாங்கியவனுக்குச் சலவைக்காரர் வைக்கிற பெயரா என்று தோன்றியது.

கோபம் எனக்குப் புதிதல்ல என்பது உங்களுக்குத் தெரியும். அப்பாவின் ஹார்டுவேர் கடையைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட அண்ணன் மேல் கோபம். நான் போட்ட திட்டத்தை வைத்து வேலையைப் பிடித்துவிட்டு, வேலை தொடங்கும் முன்பே என்னைக் கழற்றிவிட்ட ஒப்பந்தக்காரர் மேல் கோபம். என்னைவிடக் குறைவாகப் படித்து என்னைவிட உயரமான நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எல்லோர் மேலும் கோபம். அந்தக் கோபங்களில் எதையும் இன்றுவரை நான் கைவிடவில்லை. கைவிட்டதாக எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். ஆனால் உங்கள் மேல் இருந்த கோபம் ஒரு புதன்கிழமை காலையில் போனது. அதைப் பற்றி உங்களிடம் நேரில் நான் பேசியதே இல்லை.

சேரிங் கிராஸ் பக்கத்து ஓட்டல் மாடியில் புதன்கிழமை தோறும் நடக்கும் அந்தக் கூட்டத்தில் நான் விருப்பப்பட்டுச் சேரவில்லை. வேறு வழியில்லாமல் சேர்ந்தேன். ஊட்டியில் சிறுதொழில் செய்கிறவர்கள் காலையில் கூடி, பொங்கலும் காபியும் முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் தொழிலைப் பற்றி ஒரு நிமிடம் பேசவேண்டும். கேட்டவர்கள் தங்களுக்குத் தெரிந்த வாடிக்கையாளர்களை அவரிடம் அனுப்பவேண்டும். வர்க்கி ரொட்டிக் கடைக்காரர், டாக்ஸிக்காரர், கேத்தி கேரட் மண்டிக்காரர், லாட்ஜ் நடத்தும் அம்மா, சாக்லேட் செய்கிறவர் என்று பலர் வருவார்கள். சாக்லேட்காரர் தன் நிமிடத்தில் எல்லோருக்கும் ஒரு துண்டு கொடுப்பார். அவர் முறை எப்போது வரும் என்று எல்லோரும் காத்திருப்பார்கள். என் முறை எப்போது முடியும் என்று காத்திருப்பார்கள்.

நிமிடம் முடிந்ததும் மணியடிப்பது உங்கள் பொறுப்பு. உங்கள் லாண்டரியின் மேசைமேல் இருக்கும், தட்டினால் ‘டிங்’ என்று ஒலிக்கும் அந்தப் பித்தளை மணியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வருவீர்கள். புதன்கிழமை காலைகளில் உங்கள் கடைக்கு வருகிறவர்கள் மணியில்லாமல் “ஏனுங்க, ஏனுங்க” என்று கத்திக்கொண்டிருப்பார்கள்.

நான் எழுந்தால் கல்லூரியில் தொடங்குவேன். பதக்கத்தைச் சொல்வேன். செங்கல்லின் நுண்துளைகள் வழியே தண்ணீர் எப்படி மேலேறுகிறது என்று விளக்குவேன். பிறகு, பெயரைச் சொல்லாமல், அந்த ஒப்பந்தக்காரரிடம் வருவேன். மலிவு பெயின்ட் அடித்து ஊரை ஏமாற்றுகிறவர்கள் யார் என்று சொல்ல வாயெடுக்கும்போது டிங் என்று கேட்கும். வாரா வாரம் அதே இடத்தில் நிறுத்தப்பட்டேன். மணிமேல் விரலை வைத்துக்கொண்டு, முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல் உட்கார்ந்திருப்பீர்கள். வேண்டுமென்றே எனக்கு மட்டும் சீக்கிரம் அடிக்கிறீர்கள் என்று நினைத்தேன். ஒருமுறை மேசைக்கடியில் என் கைக்கடிகாரத்தை வைத்துச் சரிபார்த்தேன். நீங்கள் சரியாகத்தான் அடித்தீர்கள். அதனால் கோபம் இன்னும் கூடியது.

கூட்டத்தில் சேர்ந்த அந்த வருடம் ஆடி மாதம் எனக்கு வேலை எதுவும் இல்லை. சித்திரையில் ஒரு வீட்டை முடித்ததோடு சரி. அண்ணன் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தார். “ஆடி முடியட்டும். ஆவணி பொறந்ததும் குடும்பத்தோட கெளம்பி வந்துரு. கடைல ஒக்காந்து பில்லுப் போடு. மலை மேல ஒனக்கு என்ன வெச்சிருக்கு?” அப்பாவின் கடையில், அண்ணனின் நாற்காலிக்குப் பக்கத்தில், ஒரு ஸ்டூலில் பில் போட்டுக்கொண்டு மிச்சக் காலத்தைக் கழிப்பது. என் மனைவி மகளின் பள்ளியில் மாற்றுச் சான்றிதழுக்கே எழுதிக் கொடுத்துவிட்டாள். ஆடியில் இன்னும் சில நாட்கள்தான் பாக்கி இருந்தன. அந்தப் புதன்கிழமைக் கூட்டத்தில் யாராவது ஒருவர் ஒரு சுவரைக் காட்டினால்தான் நான் இந்த ஊரில் இருக்க முடியும் என்ற நிலை.

செவ்வாய்க்கிழமை மாலை உங்கள் கடைக்கு வந்தேன். மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. கரி அடுப்பின்மேல் மூங்கில் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் யாருடைய கம்பளிகளையோ பரப்பிக் காயவைத்துக்கொண்டிருந்தீர்கள். ஆடியில் இந்த ஊரில் வெயிலை நம்பித் துணி துவைக்க முடியாது. உங்கள் கடையில் அந்தக் கூடைகள்தான் வெயில்.

கோட்டை மேசைமேல் வைத்தேன். “நாளைக்குக் கூட்டத்துக்குப் போடணும். காலைக்குள்ள வேணும்” என்றேன்.

நீங்கள் அதை விரித்து மூக்கருகே கொண்டுபோய், சட்டென்று தள்ளிப் பிடித்தீர்கள்.

“ஏனுங்க இன்ஜினியரே, செவுத்துக்கு வைத்தியம் பாக்கறவரு நீங்க. உங்க கோட்டுலயே பூசணமா?”

“வாடகை வீடுங்க” என்றேன்.

“வாடகை ஊட்டுக்கு வைத்தியம் பலிக்காதுங்களா?”

கடையில் வேறு யாரும் இல்லாதது நல்லதாயிற்று. எனக்கு மூண்ட கோபத்தில் வீட்டு ரகசியம் வெளியே வந்துவிட்டது. “என்ன பண்றதுங்க? எம் பொண்டாட்டி பீரோவத் தென்மேக்குக் கன்னி மூலையிலதான் வெப்பேங்கறா. ஆடிக்காத்து அந்த மூலைலதான் மழையக் கொண்டாந்து கொட்டுது. செவுரு ஊறி பீரோ பூரா நாறுது. நகத்தலாம்னா, அங்கிருந்து பீரோவ எடுத்தா இருக்கற நாலு காசும் போயிரும்ங்கறா. இருக்கறதே நாலு காசு இல்லைங்கறது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் விடமாட்டேங்கறா.”

இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி நிறுத்திவைத்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தீர்கள். இருமல் வரும்வரை சிரித்தீர்கள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறீர்கள் என்று நினைத்துக் கோட்டை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

“இருங்க, இருங்க. எங்கூட்டுலயும் அங்கதானுங்க பீரோ! எங்கப்பன் அவிநாசில இருந்து பொழைக்க வந்தப்ப கூடவே கொண்டாந்த பழக்கம். வருசா வருசம் ஆடியில எம் பொண்டாட்டி பட்டுச்சேலய எடுத்துட்டு வந்து என்னையே காயவெக்கச் சொல்லுவா. நானும் இத்தன வருசமா மூலைய ஒரு பக்கம், மழைய ஒரு பக்கம்னு பாத்துட்டு இருந்துட்டேன். ரெண்டும் ஒரே பக்கம்னு இப்பத்தானுங்க ஒறைக்குது.”

“சரி, கோட்டைக் காயவெச்சுக் குடுப்பீங்களா மாட்டீங்களா?”

“மாட்டேன்.”

“என்னங்க?”

“காயவெச்சா வாசம் போயிரும். இப்படியே போட்டுட்டு வாங்க. நாலு மாசமா உங்களுக்கு மணியடிக்கறேன். நீங்க என்ன தொழில் பண்றீங்கன்னே ஒரு நாளும் சொல்லி முடிச்சதில்ல. இந்தக் கோட்டு சொல்லும்.”

என்னை அவமானப்படுத்துகிறீர்கள் என்று மட்டும்தான் எனக்குப் புரிந்தது. கோட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மழையில் நடந்தேன். வழி நெடுக உங்களுக்குச் சொல்லவேண்டிய பதில்களை எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தேன். நல்ல பதில்கள். இப்போது ஒன்றும் நினைவில்லை.

மறுநாள் காலை நல்ல குளிர். வேறு கோட்டு இல்லை. அதையே போட்டுக்கொண்டு வந்தேன். ஜன்னல்களைச் சாத்திய அறை, இட்லிப் பாத்திரத்தின் ஆவி, பக்கத்தில் பக்கத்தில் ஆட்கள். சூடு ஏறியதும் கோட்டு பேச ஆரம்பித்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த வர்க்கிக் கடைக்காரர் முதலில் தன் செருப்பைப் புரட்டிப் பார்த்தார். பிறகு மேசைக்கடியில் குனிந்து பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். பார்வையைத் திருப்பிக்கொண்டு நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டார்.

நீங்கள் எதிர் வரிசையில் மணியோடு உட்கார்ந்திருந்தீர்கள். என் பக்கம் பார்க்கவே இல்லை.

என் முறை வந்தது. எழுந்தேன். சட்டைப் பையில் இருந்த குறிப்பில் வழக்கம்போல் கல்லூரியின் பெயர் முதல் வரியில் இருந்தது. அதை எடுக்கக் கை போனது. பிறகு ஏனோ கோட்டைக் கழற்றி வர்க்கிக் கடைக்காரரிடம் நீட்டினேன்.

“இதைக் கொஞ்சம் மோந்து பாருங்க.”

அவர் மரியாதைக்கு மூக்கைக் கொண்டுபோனார். “ஐயோ சாமி! பெருச்சாளி செத்துக் கெடந்த மாதிரியல்ல இருக்குது!”

அறை முழுவதும் சிரித்தது. டாக்ஸிக்காரர் மேசையைத் தட்டிச் சிரித்தார். சாக்லேட்காரர் தன் பெட்டியை மூடிவைத்தார். அதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். வெறும் சட்டையோடு நின்றேன். என் நிமிடம் அவர்களுடைய சிரிப்பிலேயே கரைந்துகொண்டிருந்தது. பேச வாயெடுத்தால் குரல் அவர்களைத் தாண்டிப் போகவில்லை. அண்ணனின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஸ்டூல் கண்ணுக்குத் தெரிந்தது. கோட்டை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடலாம் என்று கையை நீட்டினேன்.

டிங்.

முடிந்தது என்று நினைத்தேன். இந்த முறையும் சரியாக அந்த இடத்தில் நிறுத்திவிட்டீர்கள் என்று நினைத்தேன். ஆனால் நீங்கள் எழுந்து நின்றிருந்தீர்கள்.

“சத்தம் போடாதீங்க. சிரிச்ச நேரம் அவரு கணக்குல சேராது. இன்ஜினியரே, மொதல்ல இருந்து ஆரம்பிங்க.”

தலைவர் நாற்காலியில் இருந்தவர் முகத்தைச் சுளித்தார். “அப்படி ஒரு ரூல் இல்லீங்களே?”

“இப்பத்தான் போட்டனுங்க. வேண்டாம்னா அடுத்த வாரம் எடுத்துரலாம்.”

அறை அமைதியானது. உங்கள் விரல் மறுபடி மணிமேல் போனது. முதல்முறையாக அந்த விரலைப் பார்த்தபோது எனக்கு எரிச்சல் வரவில்லை. எனக்கு ஒரு முழு நிமிடம் இருக்கிறது, அதை யாரும் தொட முடியாது என்று தோன்றியது.

குறிப்பை எடுக்கவில்லை. முந்தின நாள் உங்கள் கடையில் பேசிய மாதிரியே பேசினேன்.

“உங்க எல்லாரு ஊட்டுலயும் பீரோ எந்த மூலைல இருக்குதுங்க?”

“கன்னி மூலைல” என்று நாலைந்து பேர் சொன்னார்கள். இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற குரலில்.

“ஆடி மழ எந்தப் பக்கமிருந்து அடிக்குது?”

லாட்ஜ் அம்மா மட்டும் மெதுவாகத் திரும்பி, கன்னி மூலைப் பக்கம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்த ஒரே ஒரு ஜன்னலைப் பார்த்தார். மற்ற ஜன்னல்களில் ஆவி படிந்திருந்தது, அவ்வளவுதான். அவர் பார்த்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

“கோயமுத்தூர்ல அந்த மூலை வெயில்ல காயும். இங்க மழையில ஊறுது. அங்க இருந்து வந்த நாம பீரோவ மட்டும் பழைய எடத்துலயே வெச்சுட்டோம். இந்தக் கோட்டு எங்கூட்டு பீரோல இருந்ததுதான். நகத்துன்னு சொன்னா எங்கூட்டுல சண்ட வருது. உங்கூட்டுலயும் வரும். அதனால பீரோவ யாரும் நகத்த வேண்டாம். லட்சுமி அங்கயே இருக்கட்டும். செவுத்த நான் பாத்துக்கறேன்.”

உட்கார்ந்துவிட்டேன். மணி அடிக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் உங்கள் மணிக்கு முன்னால் நான் உட்கார்ந்தது அதுவே முதல்முறை. மிச்சமிருந்த நேரத்துக்கு நீங்கள் அடுத்தவரைக் கூப்பிடவில்லை. கோட்டு மட்டும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டிருந்தது. சிரித்தவர்களே வாங்கி முகர்ந்தார்கள். முகங்கள் மாறியதைப் பார்த்தேன். எல்லோருக்கும் தெரிந்த வாசம் அது. அவரவர் வீட்டில், அவரவர் பட்டுத்துணிகளுக்கு நடுவில் இருப்பது.

மணி அடித்தது. லாட்ஜ் அம்மா தன் முறைக்காகக் காத்திருக்கவில்லை. “தம்பி, எங்க லாட்ஜுல எல்லா ரூம்லயும் பீரோ அந்த மூலைலதான். வர்றவங்க பெட்சீட்டத்தான் கொற சொல்றாங்க. மாத்தி மாத்தித் தொவைக்கறேன். செவுரா இருக்கும்னு தோணவே இல்ல. சாயங்காலம் வந்து பாக்கறீங்களா?”

மண்டிக்காரர் கேத்தியில் தன் வீட்டுக்கும் வரச் சொன்னார். ஆடி மழையில் பூச்சு வேலை செய்ய முடியாது. ஆனாலும் கூரைத் தண்ணீரைத் திருப்பிவிட்டு, மழை பார்த்த சுவருக்குத் தகரத் தடுப்பு கட்டிவைக்கலாம், மாசியில் பழைய பூச்சை உரித்துப் புதிதாகப் பூசலாம் என்றேன். அப்படித்தான் செய்தேன். அந்த வாரமே அண்ணனுக்குப் போன் செய்து, ஸ்டூலில் வேறு யாரையாவது உட்காரவைக்கச் சொன்னேன். இதைவிட மரியாதையாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்காக வருத்தமும் இல்லை. என் மனைவி பள்ளிக்குப் போய் அந்த விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தாள். வந்த கையோடு கன்னி மூலையின் மகிமையைப் பற்றி எனக்கு ஒரு உரை. பீரோ அங்கே இருந்ததால்தானே இதெல்லாம் நடந்தது என்றாள்.

அன்று படியிறங்கும்போது நீங்கள் என்னிடம் கை நீட்டினீர்கள். குலுக்கத்தான் நீட்டுகிறீர்கள் என்று நானும் நீட்டினேன்.

“கோட்டக் குடுங்க. இப்பக் காயவெச்சுத் தர்றேன். அதோட வேல முடிஞ்சுது.”

அவ்வளவுதான் பேசினீர்கள். நன்றி சொல்ல நினைத்தேன். அண்ணனிடமும் மற்றவர்களிடமும் கேட்டு வாங்கவேண்டிய நன்றிகளையே எண்ணிக்கொண்டிருந்தவனுக்கு, தான் நன்றி சொல்வது பழக்கத்தில் இல்லை. கோட்டைக் கொடுத்துவிட்டு நின்றேன். இரண்டு நாள் கழித்து வந்து வாங்கியபோது கழுத்தில் வழக்கம்போல் ‘செவுரு’ இருந்தது.

அடுத்த வாரம் வெற்றி பெற்றவனுக்குரிய மிதப்போடு எழுந்தேன். முதல் வரியிலேயே கல்லூரியைச் சேர்த்துக்கொண்டேன். நிமிடம் முடிந்ததும் டிங் என்று அடித்தீர்கள். பதக்கத்துக்கு நடுவில். எல்லோரும் சிரித்தார்கள். நீங்கள் நேரத்தைத் திருப்பித் தரவில்லை. “அந்த ரூல எடுத்தாச்சுங்களே” என்றீர்கள். எனக்கே சிரிப்பு வந்தது. நான் என்னைப் பார்த்துச் சிரித்து நெடுநாளாகியிருந்தது.

பல மாதங்கள் கழித்து உங்கள் கடையில் கேட்டேன், அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று. கம்பளியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே சொன்னீர்கள்: “நீங்க கோயமுத்தூர் போயிட்டீங்கன்னா நான் யாருக்குங்க மணியடிக்கறது? மத்தவங்க எல்லாரும் நேரத்துக்கு முடிச்சர்றாங்க.”

நேற்று புதன்கிழமை. உங்கள் காரியங்கள் முடிந்தபின் நடந்த முதல் கூட்டம். உங்கள் வீட்டம்மா மணியைக் கொடுத்தனுப்பியிருந்தார். நீங்கள் உட்காரும் இடத்துக்கு முன்னால் அதை வைத்திருந்தார்கள். யாரும் தொடவில்லை. ஆளுக்கு ஒரு நிமிடம் உங்களைப் பற்றிப் பேசுவது என்று முடிவாகியது. தலைவர் என்னைப் பார்த்து, “நீங்க அடிங்க” என்றார். ஏன் என்னிடம் சொன்னார் என்று தெரியவில்லை. இல்லை, தெரியும்.

எல்லோரும் பேசினார்கள். எல்லோரும் நேரத்துக்கு முடித்துக்கொண்டார்கள். கடைசியாக நான் எழுந்தேன். ஒரு கை மணிமேல் இருந்தது. கோட்டின் கதையைச் சொன்னேன். பெருச்சாளியிடம் வந்தபோது வர்க்கிக் கடைக்காரரே முதலில் சிரித்துவிட்டார். பிறகு எல்லோரும். லாட்ஜ் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் விரல் தானாகவே மணியைத் தட்டியது.

“சிரிச்ச நேரம் சேராதுங்க” என்றேன்.

அறை அமைதியானது. ஒரு முழு நிமிடம் மறுபடி எனக்கு முன்னால் இருந்தது. நீங்கள் கொடுத்தது போலவே. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, இங்கே எழுதியது எல்லாமே. ஒரு சொல்லும் வரவில்லை. உட்காரவும் மனமில்லை. நிமிடம் முடியும்வரை அப்படியே நின்றேன். பிறகு நானே மணியை அடித்து என்னை உட்காரவைத்தேன்.

மணியை இனி நான் வைத்துக்கொள்ளலாம் என்று உங்கள் வீட்டம்மா சொல்லிவிட்டார். கோட்டுப் பையில்தான் போட்டிருக்கிறேன். நேற்று மழையில் வீட்டுக்கு நடந்து வரும்போது, இறக்கத்தில் கால் வேகமாக விழும் இடத்திலெல்லாம், அது தானாகவே மெல்ல ஒலித்துக்கொண்டு வந்தது.